பூட்டை விடுங்கள், சாத்திக் கிடக்கும் கதவைப் பாருங்கள்

"தம்பி, நல்ல பெரிய ஆமைப்பூட்டாப் பாத்துப் போட்டு விடுங்கோ."

திருட்டுப் போன வீட்டுக்குக் கதவு சரிசெய்யப் போனால் முதலில் காதில் விழுவது இதுதான். போன வாரம் கொட்டாஞ்சேனையிலும் இதையே கேட்டபோது எரிச்சல்தான் வந்தது. ஏனென்றால் பழைய பூட்டு ஒரு கீறல்கூட இல்லாமல், பூட்டியது பூட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. வந்தவன் அதைத் தொடவே இல்லை.

இரட்டைக் கதவில் நாம் நாளாந்தம் திறப்பது ஒரு கதவை மட்டும். மற்றது சாத்தியபடியே கிடக்கும். பூட்டு பிடித்திருப்பது அந்தச் சாத்திய கதவைத்தான். சரி, சாத்திய கதவை எது பிடித்திருக்கிறது? அடியில் 6 அங்குலத் தாழ்ப்பாள் ஒன்று, அதுவும் அரை அங்குல ஸ்குரூ நாலில். ஓங்கி ஓர் உதை விழுந்தால் ஸ்குரூ மரத்தூளோடு பிடுங்கிக்கொண்டு வரும். பூட்டு பூட்டியபடியே இருக்க, இரண்டு கதவும் சேர்ந்தே திறக்கும். நீங்கள் இதைவிட இரண்டு மடங்கு பெரிய பூட்டுப் போட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். பூட்டின் பருமனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மேல் தாழ்ப்பாள் இருக்கும். வீட்டில் யாருக்கும் எட்டாது, பெயின்ட் பூசிப் பூசி இறுகியும் போயிருக்கும். கீழே தரை ஓட்டைக்குள் ஓர் ஈர்க்கை விட்டுப் பாருங்கள். மண்ணும் தலைமுடியும் அடைத்துக் கம்பி அரை அங்குலம்கூட இறங்காது.

நான் இப்போது சாத்திய கதவுக்குப் போடுவது, நெஞ்சுயரத்தில் ஒரே கைபிடியைத் திருப்பினால் மேலும் கீழும் சேர்ந்து ஓடும் நீளக் கம்பித் தாழ்ப்பாள். அம்மம்மாவுக்கும் எட்டும். கம்பி 12 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. தரையில் 40 மில்லிமீற்றர் ஆழத்துக்குக் குழாய்த்துண்டு ஒன்றைக் கொங்கிறீட்டில் பதித்து விடுவேன். தாழ்ப்பாளுக்கு ஸ்குரூ வேண்டாம். கதவை ஊடுருவும் போல்ட், வெளியே வழுவழுப்பான உருண்டைத் தலை, உள்ளே வொஷரும் நட்டும். உள்ளே திறக்கும் கதவென்றால் நடு இடைவெளியை மறைக்கும் பட்டியைச் சாத்திய கதவின் வெளிப்பக்கத்தில் அடிக்க வேண்டும். மற்றதில் அடித்தால் கதவே திறக்காது (அப்படி அடித்தவர்களையும் கண்டிருக்கிறேன்).

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்கரைப் பக்கத்தார் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். உப்புக் காற்றை 304 அவ்வளவு தாங்காது. பழைய சோனகத் தெரு இரும்புக்கடைகளில் யாராவது காந்தத்தை வைத்து "பாருங்க, ஒட்டல்ல, நல்ல சாமான்" என்றால் மயங்காதீர்கள். 304உம் பெரும்பாலும் ஒட்டாது. எந்த ரகம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மே மாதத்தோடு தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் மரம் ஊதிக் கதவு இறுகும். அதற்காகக் கம்பியை அராவிக் குட்டையாக்காதீர்கள், தயவுசெய்து. மழை விட்டு மரம் காய்ந்ததும் அந்தக் குட்டைக் கம்பி ஓட்டையின் விளிம்பில்தான் தொட்டுக்கொண்டு நிற்கும்.

இன்னொன்று, இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். பயத்தில் உள்பக்கமும் ஆமைப்பூட்டைப் போட்டு, சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுக்காதீர்கள். இரவில் தீப்பிடித்தால் புகைக்குள் சாவி தேட முடியாது. உள்ளிருந்து சாவியில்லாமல் ஒரே கையால் திறக்க வேண்டும். பிள்ளைகளையும் லைற்றை அணைத்துவிட்டு ஒருதரம் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.