எமுலேட்டர் என்றால் போலியா?

ஓர் இயந்திரத்தின் வேலையை இன்னோர் இயந்திரத்தில் செய்துகாட்டும் எமுலேட்டருக்குத் தமிழில் என்ன என்று கேட்டால், பலர் யோசிக்காமல் 'போலி' என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கோலாலம்பூர் பெட்டாலிங் ஸ்திரீட்டில் பேரம் பேசி வாங்கும் கைப்பைதான் போலி. பார்வைக்கு அசல் மாதிரி இருந்துவிட்டால் அதன் கடமை முடிந்தது. எமுலேட்டர் பார்வைக்கு எப்படியும் இருக்கட்டும். அசல் செய்த வேலையை அது செய்தாக வேண்டும்.

சொல்லின் வேரும் அதைத்தான் சொல்கிறது. லத்தீனில் 'ஏமுலஸ்' என்றால் போட்டிக்கு நிற்பவன், ஈடுகொடுப்பவன். ஆங்கிலத்துக்கு வந்த பிறகும், ஒருவரைப் பார்த்து அவருக்குச் சமமாக வர முயல்வது என்றே பொருள். கணினித் துறையில் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது ஐபிஎம். 1964-இல் சிஸ்டம்/360 கணினி வரிசையை அறிவித்தபோது, 1401 போன்ற பழைய இயந்திரங்களுக்கு எழுதிய நிரல்களைத் தூக்கிப்போட வாடிக்கையாளர்கள் தயாராக இல்லை. புதிய இயந்திரம் பழையதன் கட்டளைகளையும் புரிந்துகொண்டு நடக்கும்படி செய்தார்கள். அதற்கு வைத்த பெயர்தான் எமுலேட்டர்.

சிமுலேட்டர் வேறு. விமானப் பயிற்சிக்கான சிமுலேட்டரில் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் லங்காவிக்குப் போய்ச் சேர முடியாது. எமுலேட்டருக்குள் ஓடும் பழைய கணக்கு மென்பொருளோ உண்மையாகவே கூட்டிக் கழிக்கிறது, உண்மையான கோப்பை எழுதுகிறது.

இதை லினக்ஸ் கணினியில் கண்ணால் பார்க்கலாம். உபுண்டுவோ டெபியனோ இருந்தால், மென்பொருள் நிறுவும் ஆப்ட் கட்டளையில் டாஸ்பாக்ஸ் என்று கேட்டாலே நிறுவிக்கொடுத்துவிடும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்கான எமுலேட்டர் அது. திறந்ததும் ஒரு சிறு கறுப்புச் சன்னல், அதில் இசட் என்ற எழுத்தோடு கண்சிமிட்டும் குறி. உங்கள் கோப்புகள் எதுவும் அங்கே தெரியாது. மவுன்ட் என்ற கட்டளையால் ஒரு கோப்புறையைக் காட்டி, 'இதுதான் உன் சி டிரைவ்' என்று சொல்ல வேண்டும். அப்புறம் சி, முக்காற்புள்ளி, என்டர். அவ்வளவுதான், 1990-க்குப் போய்விட்டீர்கள். கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்கு மேல் நீண்டால் அங்கே வாலறுந்து நிற்கும். ஒரு எச்சரிக்கை: வீட்டுக் கோப்புறை முழுவதையும் சி டிரைவாகக் கொடுக்காதீர்கள். உள்ளே அழித்தால் வெளியேயும் அழிந்துபோகும்.

வேகத்தைக்கூட அது ஒத்துக்காட்டுகிறது. பழைய ரக நிரல்களுக்கு, மில்லி நொடிக்கு ஏறக்குறைய 3000 கட்டளை என்ற கணக்கில் டாஸ்பாக்ஸ் 0.74 தொடங்கும். இது 286 என்ற பழைய செயலியின் காலத்து வேகம். போதாவிட்டால் கன்ட்ரோலும் எஃப்12-உம், அதிகமானால் கன்ட்ரோலும் எஃப்11-உம். ஆனால் டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது. கடைக் கணக்கை அச்சடிக்க வேண்டியவர்கள் டாஸ்எமு2 அல்லது டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற வேறு டாஸ் எமுலேட்டர்கள் பக்கம் போவது நல்லது.

பழைய தமிழ்க் கோப்புகளைத் தேடி வருபவர்களும் உண்டு. கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் கணினியில் தமிழ் எழுத உதவும் முரசு மென்பொருளைத் தொடங்கிய 1985, டாஸ் கோலோச்சிய காலம். அக்காலத்துத் தமிழ் எழுத்துருக் குறியீடுகள், இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடு அல்ல. எமுலேட்டருக்குள் செய்தி ஒழுங்காகத் தெரிந்தாலும், வெளியே எடுத்து ஒட்டினால் கிறுக்கலாகத்தான் வரும். அதற்குத் தனியாகக் குறியீட்டு மாற்றி வேண்டும்; எமுலேட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

எமுலேட்டர் எது, எது இல்லை என்பதில் கணினிக்காரர்கள் கறாரானவர்கள். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன், 'நான் எமுலேட்டர் இல்லை' என்பதையே தன் பெயரின் விரிவாக வைத்திருக்கிறது. அது செயலியை நடிப்பதில்லை. விண்டோஸிடம் கேட்கும் வேலைகளை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கிறது. மாறாக, நாம் ஆப்ட் கட்டளையைத் தட்டிய டெர்மினல் சன்னலே ஓர் எமுலேட்டர். 1978-இல் டெக் நிறுவனம் வெளியிட்ட விடி100 போன்ற முனையங்களின், அதாவது பெரிய கணினியோடு இணைத்த திரை-விசைப்பலகைக் கருவிகளின், வேலையை அது செய்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'முன்மாதிரி' பொருந்தாது, அது முதலில் செய்துபார்க்கும் மாதிரிக்கு உரியது. 'போன்மி' அழகான சொல். 'போலும்' குறுகிப் 'போன்ம்' ஆவதை மகரக்குறுக்கத்துக்கு எடுத்துக்காட்டாக இலக்கணத்தில் படித்திருப்போம். ஆனால் அதை மீமுக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மேலும் 'போல' என்பது ஒப்புமையைச் சொல்கிறதே தவிர, இயக்கத்தைச் சொல்லவில்லை.

என் தேர்வு 'ஒத்தியங்கி'. ஒன்றை ஒத்து இயங்குவது. தானியங்கிப் பணப் பொறி என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இது இடறாது. டாஸ் ஒத்தியங்கி, முனைய ஒத்தியங்கி, கைப்பேசி ஒத்தியங்கி என்று அடைமொழியும் சுலபமாகச் சேர்கிறது. நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுபவர் நினைவுக்கு வருகிறாரே என்று கிண்டல் செய்வார்கள். வரட்டும். வினையாக வேண்டுமென்றால் 'ஒத்தியக்கு' என்று சொல்லலாம்: இந்த மென்பொருள் 286 செயலியை ஒத்தியக்குகிறது.