ஒன்றுக்கு நான்கா, ஐந்தா?

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த வாரம். வேளச்சேரியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளம் முழுக்கச் சேறு. துடைப்பதற்குக் கையில் இருந்தது 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கேன், அதாவது குளோரின் தரும் கிருமிநாசினி. தேவைப்பட்டது 1 சதவீதம். "ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும், அப்படியானால் ஒரு லிட்டருக்கு ஐந்து லிட்டர் தண்ணீர்தானே சார்?" என்று கேட்டார் காவலாளி. நானும் தலையாட்டப் பார்த்தேன். ஆட்டியிருந்தால் கிடைத்திருப்பது 0.83 சதவீதம்.

விருந்தாளி கூடினால் மோரில் தண்ணீர் ஏறும், உப்பு ஏறாது. நீர்த்தலின் கணக்கு மொத்தமும் இதுதான். கரைபொருளின் அளவு மாறாததால், பழைய செறிவையும் பழைய கன அளவையும் பெருக்கினால் வருவதும், புதிய செறிவையும் புதிய கன அளவையும் பெருக்கினால் வருவதும் ஒன்றே. வழுக்கும் இடம் அந்தப் 'புதிய கன அளவு'. அது ஊற்றிய தண்ணீர் அல்ல, கலந்து முடித்தபின் இருக்கும் மொத்தம். 5 × 1 = 1 × 5. மொத்தம் ஐந்து லிட்டர் என்றால் தண்ணீர் நான்குதான். ஆய்வகத்தில் கழுத்தில் கோடு போட்ட குடுவையில், கோடு வரை நீர் நிரப்புவதும் இதற்காகவே. 50 மில்லி எத்தனாலும் 50 மில்லி தண்ணீரும் சேர்ந்தால் 100 வராது, ஏறக்குறைய 96தான் வரும்.

அடுத்தது சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி. 6,000 லிட்டர் லாரித் தண்ணீர், லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் என்று வைத்துக்கொண்டோம். மொத்தம் 12 கிராம். கேனில் 100 மில்லிக்கு 5 கிராம். ஆக 240 மில்லி. சுலபம்.

மாடி வீட்டு அம்மாவின் 15 லிட்டர் வாளிதான் படுத்தியது. அதற்கு 0.6 மில்லி! அதை எந்த மூடியால் அளப்பது? கேனிலிருந்து 10 மில்லி எடுத்து, தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்கினோம். நூறு மடங்கு நீர்த்ததால் 0.6 மில்லி இப்போது 60 மில்லி ஆனது. மருந்து டம்ளரிலேயே அளக்கலாம், ஒரு மில்லி பிசகினாலும் பாதகமில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். ஹைப்போகுளோரைட் வெயிலிலும் வெப்பத்திலும் வீரியம் இழக்கும். கேனின் லேபிள் அச்சடித்த நாளின் கதையைத்தான் சொல்லும். அரை மணி நேரம் கழித்து, குழாய்த் தண்ணீரில், குளோரின் இருந்தால் மஞ்சளாக்கும் ஆர்த்தோடொலிடின் சொட்டு விட்டுப் பார்த்தோம். வெளிர் மஞ்சள் தெரிந்தது.