தாமே எடுக்கும் மாதிரி: ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண்களும் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும்

ஆண்டுதோறும் ஒரு லட்சம் பெண்களில் நால்வருக்கும் குறைவானவர்களுக்கே கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் நிலையை 2035க்குள் எட்டுவது ஆஸ்திரேலியாவின் இலக்கு. ஆனால் அந்நாட்டின் பழங்குடிப் பெண்களையும் டோரஸ் நீரிணைத் தீவுப் பெண்களையும் இந்நோய் மற்றப் பெண்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு தாக்குகிறது. இறப்போ மூன்று மடங்குக்கும் மேல். இறப்பில் உள்ள வேறுபாடு இவ்வளவு பெரிதாக இருப்பது, நோய் முற்றிய பிறகே கண்டறியப்படுவதையும் சிகிச்சை உரிய காலத்தில் கிட்டாததையும் காட்டுகிறது.

இந்நோயை முன்கூட்டியே தேடும் பழைய பாப் ஸ்மியர் பரிசோதனையில், ஸ்பெகுலம் என்னும் கருவியால் யோனியை விரித்து, கருப்பை வாயைக் கண்ணால் பார்த்து, அங்கிருந்து செல்களை வழித்தெடுப்பார்கள். உருமாறிய செல்களை நுண்ணோக்கியில் தேட வேண்டியிருந்ததால், அவை தோன்றும் இடத்திலிருந்தே மாதிரியை எடுக்க வேண்டும். அதைப் பெண் தானே செய்துகொள்ள இயலாது. தொலைதூரக் குடியிருப்புகளில் பணியிலிருக்கும் மருத்துவர் ஆணாக இருக்கலாம்; செவிலியர் உறவுக்காரராகவே இருக்கலாம். உடலின் இப்பகுதி பெண்களுக்குள் மட்டுமே பேசப்பட வேண்டியது என்பது பல பழங்குடிச் சமூகங்களின் வழக்கம். பெற்றோரிடமிருந்து பழங்குடிக் குழந்தைகளை அரசே பிரித்துக் கொண்டுபோன வரலாறும் உண்டு என்பதால், அரசு சார்ந்த எந்த நிலையத்தின் மீதும் நம்பிக்கை எளிதில் வருவதில்லை. இவற்றையெல்லாம் ‘விழிப்புணர்வின்மை’ என்ற ஒரே சொல்லில் அடக்குவது நியாயமன்று.

தேடப்படும் பொருள் மாறியபோதுதான் வழி திறந்தது. இப்புற்றுநோய் ஏறக்குறைய எப்போதும் ஹெச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) தொற்றிலிருந்தே தொடங்குகிறது. அதன் 16, 18 ஆகிய இரு வகைகள் மட்டுமே சுமார் 70 விழுக்காட்டு நோய்க்குக் காரணம். வைரஸ் உருவாக்கும் இ6, இ7 என்னும் புரதங்கள், செல் பிரிதலைக் கட்டுப்படுத்தும் பி53, ஆர்.பி. ஆகிய காவல் புரதங்களை முடக்கிவிடுகின்றன. தொற்று நீங்காமல் நிலைத்தால், பல ஆண்டுகளுக்குப் பின் அது புற்றாகலாம். தொற்றுள்ள செல்கள் உதிர்ந்து யோனிக்குள் இறங்குவதால், வைரஸின் டி.என்.ஏ. அங்கேயும் கிடைக்கிறது. மிகச் சிறிதளவே இருந்தாலும் போதும்: டி.என்.ஏ.வைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். முறை ஒவ்வொரு சுற்றிலும் அதை இரட்டிப்பதால், 30 சுற்றுகளில் ஒரு பிரதி 100 கோடியைத் தாண்டிவிடும். இம்முறையில் சோதிக்கும்போது, பெண் தானே எடுத்த மாதிரியின் துல்லியம் மருத்துவர் எடுத்ததற்கு ஏறக்குறைய இணையாகவே உள்ளது.

செய்முறையும் எளிது. திரைக்குப் பின்னாலோ கழிப்பறையிலோ, மென்மையான முனையுள்ள குச்சியை யோனிக்குள் சில சென்டிமீட்டர் செலுத்தி, அரை நிமிடம் வரை மெல்லச் சுழற்றி, குழாயில் இட்டு மூடிக் கொடுத்தால் போதும். கருப்பை வாயைத் தொட வேண்டியதில்லை. மாதிரியில் செல்களே இல்லாதிருந்தால் என்னாவது என்ற ஐயம் எழலாம். மனித மரபணு ஒன்றையும் ஆய்வகக் கருவி சேர்த்தே தேடுவதால், வெற்று மாதிரி ‘தொற்றில்லை’ என்று தவறாக அறிவிக்கப்படாது.

2017 டிசம்பரில் ஆஸ்திரேலியா ஐந்தாண்டுக்கு ஒரு முறை செய்யும் ஹெச்.பி.வி. பரிசோதனைக்கு மாறியது. ஆயினும் தாமே மாதிரி எடுக்கும் உரிமை முதலில், 30 வயதைக் கடந்து, பரிசோதனையைத் தவிர்த்தோ தாமதித்தோ வந்தவர்களுக்கே கிடைத்தது. எளிய வழியைப் பெறுவதற்கே கடினமான வழியைப் புறக்கணித்திருக்க வேண்டும் என்ற இந்த விசித்திரமான விதி 2022 ஜூலை 1 அன்று நீங்கி, 25 முதல் 74 வயது வரையுள்ள அனைவருக்கும் அவ்வுரிமை வந்தது. பழங்குடியினரான மாவோரிப் பெண்கள் இதேபோன்ற ஏற்றத்தாழ்வைச் சந்திக்கும் நியூசிலாந்து, 2023 செப்டம்பரில் இவ்வழிக்கு மாறியது.

சிக்கல் எஞ்சியிருப்பது தொற்று தெரிந்த பிறகுதான். 16 அல்லது 18 என்றால், கருப்பை வாயை உருப்பெருக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபிக்கு நேரே அனுப்புவார்கள். வேறு வகை என்றால், செல்களின் வடிவத்தை ஆராய மருத்துவரிடம் மீண்டும் மாதிரி கொடுக்க வேண்டும். யோனியிலிருந்து எடுத்த மாதிரி அதற்கு உதவாது. ஆக, தவிர்த்த ஸ்பெகுலம் இங்கே திரும்ப வருகிறது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணமும் கூடவே வருகிறது. அண்டை நாடான பப்புவா நியூ கினியில் நடந்த ஆய்வுகளில், பெண்கள் தாமே எடுத்த மாதிரியை மருத்துவ நிலையத்திலேயே ஜீன்எக்ஸ்பர்ட் கருவியில் சுமார் ஒரு மணி நேரத்தில் சோதித்து, தேவைப்பட்டோருக்குப் பாதிக்கப்பட்ட திசுவை வெப்பத்தால் அழிக்கும் சிகிச்சையையும் அன்றே அளித்தார்கள். புற்றுநோய் என ஐயம் இருந்தாலோ, பாதிப்பு கருப்பை வாய்க் குழாய்க்குள் பரவியிருந்தாலோ இச்சிகிச்சை பொருந்தாது. அத்தகைய பெண்கள் பெரிய மருத்துவமனைக்குத்தான் போயாக வேண்டும்.