பழைய ரவுட்டரின் மெமரி சிப்பும் ஆர்டுயினோவும்: கோர்ப்பதற்கு முன் வோல்டேஜைப் பாருங்கள்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ, வீட்டுப் பக்கத்துக் குஜரிக் கடையிலோ கிடைக்கும் பழுதான வைஃபை ரவுட்டருக்குள் எட்டுக் கால் மெமரி சிப் ஒன்று பெரும்பாலும் இருக்கும். அது 25கியூ64 வகையாக இருந்தால் கொள்ளளவு 8 எம்பி. ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கன்ட்ரோலர் போர்டின் சொந்த ஈஈப்ராமோ (மின்சாரம் போனாலும் மறக்காத மெமரி) 1 கேபிதான். அந்தச் சிப்பைக் கழற்றி ஊனோவில் கோர்க்க ஆசை வருவது நியாயம். ஆனால் இப்படிக் கழற்றிய சிப்புகள் வயதாகிச் சாவதைவிட, புது இடத்தில் தரப்படும் முதல் 5 வோல்ட்டில் சாவதே அதிகம்.

கம்ப்யூட்டர் ராம் குச்சியில் நேரத்தை வீணாக்க வேண்டாம். அதிலுள்ள டிடிஆர் சிப்புகளுக்கு ஊனோவின் 16 மெகாஹெர்ட்ஸ் எட்டவே எட்டாது. இணைக்க அத்தனை கால்களும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதே குச்சியின் ஓரத்தில் தன் விவரத்தைச் சேமித்துவைக்கும் குட்டி ஈஈப்ராம் ஒன்று உண்டு. டிடிஆர்3 வரை அதன் அளவு 256 பைட். பயிற்சிக்கு அது போதும்.

பெயரில் உள்ள எண் பிட் கணக்கு. 24சி256 என்றால் 256 கிலோபிட், அதாவது 32 கேபி. 24 வரிசை சிப்புகள் ஐ2சி வகை, அதாவது இரண்டே கம்பியில் பேசுபவை: தகவல் கம்பி எஸ்டிஏ ஊனோவின் ஏ4-க்கும் கடிகாரக் கம்பி எஸ்சிஎல் ஏ5-க்கும் போகும், இரண்டுக்கும் 4.7 கிலோஓம் புல்-அப் (வோல்டேஜ் பக்கம் இழுத்துவைக்கும் ரெசிஸ்டர்) வேண்டும். இவற்றில் பல 5 வோல்ட்டைத் தாங்கும். ஆனாலும் டேட்டாஷீட்டை (தயாரிப்பாளரின் விவரத்தாளை) பார்த்துவிட்டே கொடுங்கள். 24சி16 வரை முகவரி ஒரு பைட், 24சி32 முதல் இரண்டு பைட். இதை மாற்றி அனுப்பினால் சிப் பதில் சொல்லும், தகவல் மட்டும் தப்பான இடத்தில் போய் உட்காரும். ஐ2சி-க்காக ஆர்டுயினோவில் உள்ள வயர் லைப்ரரியின் பஃபர் (தற்காலிக இடம்) 32 பைட்தான். முகவரிக்கு இரண்டு போனால் ஒரு தடவைக்கு 30 பைட்டுக்கு மேல் எழுத முடியாது. ஒவ்வொரு முறை எழுதிய பிறகும் 5 மில்லிவிநாடி காத்திருங்கள்.

ரவுட்டரில் கிடைக்கும் 25 வரிசை ஃபிளாஷ் சிப்புகளில்தான் விபத்து அதிகம். வழக்கமான சிப்புக்கு 2.7 முதல் 3.6 வோல்ட் வரை. மேக்ரானிக்ஸ் நிறுவனத்தின் சிப்பில் எம்எக்ஸ்25-க்குப் பின் ‘எல்’ இருந்தால் 3 வோல்ட், ‘யூ’ இருந்தால் 1.8 வோல்ட். வின்பாண்ட் நிறுவனத்தின் சிப்பில் கடைசியில் ‘எஃப்டபிள்யூ’, ‘ஜேடபிள்யூ’ என்று வந்தாலும் 1.8 வோல்ட்தான். லேப்டாப் போர்டுகளில் இவை சகஜம், இவற்றுக்கு 3.3 வோல்ட்டும் அதிகம்.

போர்டில் இருக்கும்போதே கிளிப் மாட்டிப் படிக்கப் பார்க்காதீர்கள். நாம் தரும் 3.3 வோல்ட் அந்தப் போர்டின் பிராசசரையும் எழுப்பிவிடும், ஊனோவின் 3.3 வோல்ட் பின்னிலிருந்து சுமார் 50 மில்லிஆம்பியருக்கு மேல் கிடைக்காது. ஃபிளக்ஸ் தடவி, ஹாட் ஏர் 350 டிகிரியில் வைத்துத் தூக்குங்கள். அடாப்டர் வாங்கும்போது சிப்பின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள்: 208 மில் உடல் 150 மில் அடாப்டரில் உட்காராது.

இணைப்பு இப்படி: சிப்பின் 1-ஆம் கால் ஊனோவின் 10-க்கு, 2 அதன் 12-க்கு, 5 அதன் 11-க்கு, 6 அதன் 13-க்கு, 4 கிரவுண்ட், 8 என்பது 3.3 வோல்ட். 3-ஐயும் 7-ஐயும் 10 கிலோஓம் வழியாக 3.3-இல் கட்டுங்கள். அந்தரத்தில் விட்டால் சிப் நடுவில் உறங்கிப்போகும், ஒருநாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. 8-க்கும் 4-க்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் அவசியம்.

ஆனால் ஊனோவின் 10, 11, 13 மூன்றும் 5 வோல்ட் தருபவை, அவற்றைச் சிப்பில் நேராகக் கோர்க்காதீர்கள். இரண்டு ரெசிஸ்டரால் வோல்டேஜைக் குறைக்கும் டிவைடர் போடலாம். ஆனால் ஊனோ பூட் ஆகும் நேரத்தில் பின்கள் மிதக்கும், டிவைடரின் கீழ் ரெசிஸ்டர் 1-ஆம் காலைக் கிரவுண்டுக்கு இழுத்து, சிப்பைத் தேர்ந்தெடுத்த நிலையில் வைத்துவிடும். ஆகவே நடுவில் சிக்னலின் வோல்டேஜை இறக்கித் தரும் சிப்பான 74எச்சி4050-ஐ 3.3 வோல்ட்டில் ஓட்டுவது நல்லது. ஊனோவின் 10-ஐ 10 கிலோஓம் வழியாக 5 வோல்ட்டுக்கு இழுத்துவையுங்கள். 74எச்சி4050-இன் பயன்படாத உள்ளீடுகளைக் கிரவுண்டில் கட்டுங்கள். ‘சிடி4050’ இந்த வோல்டேஜில் மந்தம். 12-க்குத் திரும்பி வரும் 3.3 வோல்ட்டை ஊனோ நேராகவே படித்துக்கொள்ளும். 3.3 வோல்ட்டில் ஓடும் ஈஎஸ்பி32 கையிலிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

எழுதுவதற்கு முன் 9எஃப் கட்டளையால் சிப்பிடம் அடையாளம் கேளுங்கள், ஒரு மெகாஹெர்ட்ஸில் (இங்கிருந்து கட்டளைகளும் பதில்களும் ஹெக்ஸ் எண்கள்). வின்பாண்ட் 25கியூ64 என்றால் இஎஃப், 40, 17 வரும். நடுவில் 40-க்குப் பதில் 60 வந்தால் அது 1.8 வோல்ட் ரகம், உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். மூன்றும் எஃப்எஃப் அல்லது 00 என்றால் பெரும்பாலும் ஒயர் தப்பு, சிப் அல்ல.

ஒவ்வொரு முறை எழுதுவதற்கும் அழிப்பதற்கும் முன், அதற்கு அனுமதி தரும் 06 கட்டளையை அனுப்ப வேண்டும். ஃபிளாஷில் 1-ஐ 0 ஆக்கலாம், திருப்ப முடியாது. அதற்கு 4 கேபி பகுதியை 20 கட்டளையால் அழித்தாக வேண்டும். 256 பைட் பக்கத்தைத் தாண்டி எழுதினால் பக்கத்தின் தொடக்கத்துக்கே திரும்பிப் போய் மேலெழுதும். பிழை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அழிக்கச் சொல்லியும் அழியாவிட்டால் 05-ஆல் ஸ்டேட்டஸை (சிப்பின் நிலையைச் சொல்லும் பைட்டை) பாருங்கள், பழைய முதலாளி பூட்டு போட்டிருக்கலாம்.

அந்த முதலாளியின் வைஃபை பாஸ்வேர்டும் இணைய இணைப்பின் கணக்கு விவரமும் ரவுட்டர் சிப்பில் படிக்கக்கூடிய எழுத்தாகவே கிடக்க வாய்ப்புண்டு. அது பிறர் சொத்து. நகல் எடுக்காமல் 06-ஐ அடுத்து 60 அனுப்பி முழுச் சிப்பையும் துடையுங்கள். 8 எம்பிக்குச் சில பத்து விநாடிகள் ஆகும். ஸ்டேட்டஸின் கடைசி பிட் 0 ஆகும்வரை பொறுத்து, பிறகு கடைசி பைட்வரை எஃப்எஃப்-தானா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.