கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் என்றால் 'தலைசிறந்த பாடல்கள்' அல்ல

ராக் பாடகர் ஒருவரின் தொகுப்பு அட்டையில் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்று இருந்தால் போதும், தமிழாக்குவோர் அதை 'தலைசிறந்த பாடல்கள்' என்று எழுதிவிடுகிறார்கள். படித்துப் படித்து அலுத்துவிட்டது.

'ஹிட்' பழைய நார்ஸ் மொழியின் 'ஹிட்டா'விலிருந்து வந்தது. எதிர்ப்படுதல் என்பது மூலப்பொருள். பிறகு அடித்தல், குறியில் படுதல், மக்களிடம் எடுபடுதல் என்று விரிந்தது. 'ஆல்பம்' லத்தீனில் வெள்ளைப் பலகை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டுகளை ஏடு போன்ற அட்டையில் செருகி விற்றதால் பாட்டுத் தொகுப்புக்கும் அந்தப் பெயர் வந்தது. தமிழில் 'தொகுப்பு' போதும்.

சிக்கல் 'ஹிட்'டில்தான். சிறப்பு என்பது பாட்டின் தரம். ஹிட் என்பது அது ஓடிய ஓட்டம். அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 1995 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்பையே பாருங்கள். 'டான்சிங் இன் த டார்க்' 1984-இல் அமெரிக்காவில் அதிகம் ஓடும் பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் 2-ஆம் இடம் பிடித்தது; 'ஹங்ரி ஹார்ட்' 1980-இல் 5-ஆம் இடம். இவை ஹிட்டுகள், சந்தேகமில்லை. இவற்றைவிடச் சிறந்த பாட்டு அவரிடம் உண்டா என்பது வேறு வழக்கு.

"அதே தொகுப்பில் 'தண்டர் ரோடு' இருக்கிறதே! அமெரிக்காவில் அது தனித்தட்டாகவே (சிங்கிள்) வரவில்லை. அப்படியானால் 'சிறந்த பாடல்கள்' என்பதுதானே சரி?" என்பார்கள். சரியில்லை. கடைசி நான்கு பாடல்கள் அதுவரை வெளிவராதவை. இன்னும் ஓடவே தொடங்காத அவற்றையும் சேர்த்துத்தான் இசைத்தட்டு நிறுவனம் 'ஹிட்ஸ்' என்று பெயர் வைத்தது. அது வணிகத்தின் பேச்சு. உள்ளே இருக்கும் சரக்குக்கு மதிப்பெண் போடுவது விமர்சகர் வேலை. அட்டையில் உள்ள பெயரைச் சொல்வதே மொழிபெயர்ப்பாளர் வேலை. 2003-இல் ஸ்பிரிங்ஸ்டீனின் 'தி எசென்ஷியல்' ('இன்றியமையாதவை') தொகுப்பு வந்தது. அதையும் 'தலைசிறந்த' என்றே எழுதினால் இரண்டு தொகுப்புக்கும் ஒரே பெயர் ஆகிவிடும். வாசகர் எதை எதுவென்று தேடுவார்?

'மாபெரும் வெற்றிகள்' என்று எழுதுவோரும் உண்டு. பாட்டைக் காணோம், தேர்தல் முடிவு போலிருக்கிறது. அகராதியில் 'ஹிட்'டுக்கு உள்ள முதல் பொருளைப் பிடித்து 'அடிகள்' என்று போட்டதையும் பார்த்தேன். இளங்கோவின் பெயரோடு நிற்கும் சொல் அது, செய்யுளின் வரிக்கும் அதுவே பெயர். பாட்டைப் பற்றிய பேச்சில் இதைவிடக் குழப்பம் வேண்டுமா?

'வெற்றிப் பாடல்கள்' நம்மிடம் ஏற்கெனவே புழங்கும் சொல். 'கிரேட்டஸ்ட்' விடுபடக் கூடாதென்றால் 'பெருவெற்றிப் பாடல்கள்' என்று எழுதலாம். தனித்தமிழ் நண்பர்கள் கோபித்தாலும் சொல்கிறேன்: 'ஹிட் பாடல்கள்' என்று எழுதினாலும் எனக்குச் சம்மதமே. 'பாட்டு ஹிட்டாயிடுச்சு' என்று ஊரே பேசுகிறது, பொருளும் கெடவில்லை. 'தலைசிறந்த' என்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.