கூட்டம் ஒன்று, காட்சி இரண்டு

பதினோரு வருடம் தொலைக்காட்சிச் செய்தி டெஸ்க்கில் வேலை பார்த்தேன். அங்கே போனதுமே தெரிந்துகொண்டது, ஒரு பக்கம் சாய்வதற்குப் பொய் சொல்லத் தேவையில்லை என்பதுதான். கட்சிப் பொதுக்கூட்டத்தைத் தலை உயரத்தில் கேமரா வைத்து நெருக்கி எடுத்தால் மைதானம் முழுக்கத் தலைகள். பின்வரிசைக்குப் போய் அகலமாக எடுத்தால் காலி நாற்காலிகள். இரண்டும் நிஜம்தான். எது ஓடும் என்பது சேனலைப் பொறுத்தது.

வினைச்சொல்லையும் கவனியுங்கள். நம்ம தலைவர் 'கேள்வி எழுப்புவார்', எதிராளி 'புலம்புவார்'. விவாதத்தில் 'அரசியல் விமர்சகர்' என்ற பட்டையோடு உட்கார்ந்திருப்பவர் எந்தக் கட்சிக்காரர் என்பது ஒப்பனை அறைக்கே தெரியும்.

இப்போது கல்லூரிகளில் வகுப்பு எடுக்கிறேன். மாணவர்களிடம் ஒரு வேலை கொடுப்பேன்: 2001 ஜூன் 30 அதிகாலை கருணாநிதி கைதானபோது என்ன நடந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வாருங்கள். அன்று சன் டிவி ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டது. ஜெயா டிவி வேறொரு காட்சியைப் போட்டது. அடுத்த வாரம் மாணவர்கள் கொண்டுவரும் பதில்களைக் கேட்டால், அந்த வீட்டில் எந்த டிவி ஓடியது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

சேனலைத் திட்டுவது சுலபம். ஆனால் எதிர்க்கட்சிக்காரர் பேட்டியை நாங்கள் இரண்டு நிமிடம் கூடுதலாகப் போட்ட நாளெல்லாம், "நீங்களும் விலைபோயிட்டீங்களா?" என்று போன் வந்தது. இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. 2020 அமெரிக்கத் தேர்தல் இரவில் அரிசோனாவில் பைடன் வென்றார் என்று, டிரம்ப் பக்கம் சாய்ந்த ஃபாக்ஸ் நியூஸ் சேனலே முந்திக்கொண்டு அறிவித்தது. கோபப்பட்ட டிரம்ப் ஆதரவாளர்களில் ஒரு பகுதியினர் நியூஸ்மேக்ஸ் என்ற இன்னொரு டிரம்ப் ஆதரவுச் சேனல் பக்கம் நகர்ந்தார்கள். தேர்தலில் மோசடி செய்ததாகத் தன் மீது பழி பரப்பியதற்காக வாக்கு இயந்திர நிறுவனமான டொமினியன் பிறகு ஃபாக்ஸ் மீது தொடுத்த வழக்கில், சேனல்காரர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட குறுஞ்செய்திகள் வெளியே வந்தன. மோசடிக் கதையைத் தாங்களே நம்பாதவர்கள், பார்வையாளர் போய்விடுவார்களே என்று பயந்திருந்தது அதில் தெரிந்தது. 2023இல் அந்தச் சேனல் கொடுத்த சமரசத் தொகை 78.75 கோடி டாலர்.

ஆகவே பார்ப்பவர்களுக்கும் ஒரு பயிற்சி சொல்கிறேன். ஒரு வாரம், உங்களுக்குப் பிடிக்காத சேனலின் தலைப்புச் செய்திகளை மட்டும் பாருங்கள். உங்கள் சேனலில் வராதது எது என்று குறித்துக்கொள்ளுங்கள். எதிராளி சொல்வதை நம்ப வேண்டும் என்பதில்லை.

என் சித்தப்பாவையும் இதில் இறக்கினேன். மூன்றாம் நாள் போன் செய்தார். "டேய், நம்ம ஆளு பேசினதை அவனுங்க முழுசா போட்டிருக்கானுங்கடா. நம்ம சேனல்ல அந்த உளறல வெட்டிட்டாங்க."

அப்புறம்? நான்காம் நாள் பழைய சேனலுக்கே திரும்பிவிட்டார். அந்தச் செய்தி வாசிப்பாளர் குரல் பிடிக்கவில்லையாம்.