ரூபாய் விழுந்தால் வெளிநாட்டில் இருப்பவர் எல்லோருக்கும் லாபமா?

வங்கியில் வெளிநாட்டுப் பணப் பரிமாற்றப் பிரிவில் வேலை செய்கிறேன். ரூபாய் சரிந்ததாகச் செய்தி வரும் நாளில் கவுன்ட்டரில் தவறாமல் வரும் கேள்வி: "சார், பையனை இப்பவே அனுப்பச் சொல்லவா, இன்னும் ரேட்டு ஏறுமா?" ஏறுமா இறங்குமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பையன் எந்த நாட்டுப் பணத்தில் சம்பாதிக்கிறார், அந்தப் பணம் எந்த நாட்டில் செலவாகப் போகிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

துபாய் திர்ஹாம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்றே நிற்கிறது. சவூதி ரியால் 3.75. அதனால் டாலர் ஏறினால் அங்கிருந்து வரும் பணமும் ஊரில் அதே அளவு கூடும். மலேசிய ரிங்கிட் அப்படியல்ல, அது தன் போக்கில் ஏறி இறங்கும். 2024 பிப்ரவரியில் ஒரு டாலருக்கு 4.80 ரிங்கிட் என்ற அளவுக்கு அதன் மதிப்பு இறங்கியது. 1998 நெருக்கடிக்குப் பிறகு அவ்வளவு இறங்கியதில்லை. டாலர் செய்தியைப் படித்துவிட்டு கோலாலம்பூரில் இருக்கும் மகனிடம் "இந்த மாசம் கூட வரணுமே" என்று கேட்டால் அவர் என்ன செய்வார்?

ரேட்டு நன்றாக இருக்கும்போது வளைகுடாவில் சிலர் கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ரேட்டில் கிடைப்பது மூன்று, நான்கு சதவீதம், அதுவும் ஒரே ஒரு முறை. கார்டு வட்டி மாதத்துக்கே ஏறக்குறைய மூன்று சதவீதம். நடுவில் வேலை போய்விட்டால் கடன் கட்டாததற்காக வழக்கு, பயணத் தடை வரைக்கும் போகும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது உண்டியல், அதாவது வங்கி வழியாகப் போகாமல் ஆள் மூலம் பணம் அனுப்புவது. திர்ஹாமுக்கு முப்பது, நாற்பது பைசா கூடத் தருகிறேன் என்று அறைக்கே வந்து ஒருவர் பணத்தை வாங்கிக்கொள்வார். இங்கே அம்மாவின் கணக்கில் ஐந்தாயிரம், எட்டாயிரமாக, கேள்விப்படாத பெயர்களிலிருந்து பணம் விழும். அந்நியச் செலாவணிச் சட்டப்படி இது விதிமீறல். அதில் ஒரு தொகை ஆன்லைன் மோசடியில் யாரோ பறிகொடுத்ததாக இருந்தால், எங்கோ ஒரு மாநிலத்துக் காவல்துறை கேட்டுக்கொண்டதன் பேரில் கணக்கே முடங்கும். பாஸ்புக்கை நீட்டி, "இவங்கள்லாம் யாருன்னே தெரியாதுப்பா" என்று அழும் தாய்மார்களுக்குச் சொல்ல என்னிடம் உடனடிப் பதில் இருப்பதில்லை. கூடக் கிடைத்தது சில நூறு ரூபாய்; மாட்டிக்கொண்டது மகளின் கல்யாணப் பணம்.

ஊரில் வீடு கட்டவா? செலவு ரூபாயில்தான், கொத்தனார் கூலி ரேட்டுக்காகக் காத்திருக்காது. மாதாமாதம் என்.ஆர்.இ. கணக்குக்கு (வெளிநாட்டில் வாழும் இந்தியர் இங்கே வைக்கும் ரூபாய்க் கணக்கு) அனுப்பிவிடுங்கள். பிள்ளையை அமெரிக்காவில் படிக்க வைக்கும் எண்ணம் இருந்தால் கதை வேறு. 2022 ஜூலையில் டாலர் 80 ரூபாயைத் தொட்டது, 2025 டிசம்பரில் 90ஐத் தாண்டியது. 40,000 டாலர் கட்டணம் 32 லட்சத்திலிருந்து 36 லட்சமாகிவிட்டது. அந்தப் பணத்தை எஃப்.சி.என்.ஆர். டெபாசிட்டில் (வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான வெளிநாட்டுப் பண டெபாசிட்) டாலராகவே ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை வைக்கலாம், முதிர்வும் டாலரிலேயே வரும்.

அப்புறம், பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு. சிங்கப்பூர் கடையில் கார்டை வைத்ததும் வெள்ளியிலா (சிங்கப்பூர் டாலர்), இந்திய ரூபாயிலா என்று மெஷின் கேட்கும். ரூபாய் நமக்குப் பழகியது என்பதால் கை அங்கேதான் போகும். அதை அழுத்தினால் ரேட்டை நிர்ணயிப்பது கடைக்காரருக்காகக் கார்டு பணத்தை வசூலிக்கும் நிறுவனம். பெரும்பாலும் சில சதவீதம் கூடுதலாகப் போகும். வெள்ளியையே அழுத்துங்கள். அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் பயண மருத்துவக் காப்பீட்டுத் தொகையை ரூபாயில் மாற்றிப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். 50,000 டாலர் என்றால் 45 லட்சம்போலத் தெரியும், அங்கே சில நாள் தீவிர சிகிச்சைக்கே போதாமல் போகலாம்.

விமான நிலையத்தில் பணம் மாற்றினால் ரேட்டு அநேகமாக மோசமாகத்தான் இருக்கும். ஊரிலேயே ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் கார்டு) ஏற்றிக்கொண்டு, கைச்செலவுக்குக் கொஞ்சம் நோட்டு வைத்துக்கொண்டால் போதும். திரும்பி வந்தபின் மீதமிருக்கும் நோட்டில் 2,000 டாலர் வரை கையில் வைத்துக்கொள்ளலாம்; அதற்கு மேல் இருப்பதை 180 நாள்களுக்குள் வங்கியில் கொடுத்து ரூபாயாக்கிவிட வேண்டும்.